டிரைவர் ஐயாவின் மூன்று மருந்து நோட்டுகள்

தொண்ணூற்றேழாவது படியில் ஃபுமியே சாப்பாட்டுப் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள். அறுபத்து மூன்று வயதில் வாரத்துக்கு ஆறு நாள் இந்தப் படிகளை ஏறுகிறாள். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நகராட்சி மதியச் சாப்பாடு அனுப்புகிறது. எங்கள் மேட்டுத் தெருவுக்கு அதைச் சுமந்து வருவது அவள் வேலை. ஜப்பானின் உள்கடலைப் பார்த்தபடி மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் ஊரில் வாசலில் கார் நிற்கிற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களுக்கெல்லாம் படிதான்.

"டிரைவர் ஐயா, சாப்பாடு!"

வழக்கமாக உள்ளேயிருந்து செகினேவின் குரல் முந்திக்கொண்டு வரும். முப்பத்தெட்டு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர் அவர். இங்கே பஸ் ஓட்டுகிறவர்களை, எதைப் பார்த்தாலும் விரலால் சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். "வலப்பக்கம், சரி!" "கதவு, சரி!" ஓய்வு பெற்று இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த விரல் ஓய்வு பெறவில்லை. அடுப்பை அணைத்தால் அதைச் சுட்டி, "கேஸ், சரி!" சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், "மீன், சரி! ஊறுகாய், சரி!" ஃபுமியேவுக்கு அதைக் கேட்டால்தான் வந்த களைப்புத் தீரும்.

இன்று சத்தமே இல்லை. செகினே தாழ்வான மேசைமுன் சரிந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒரு வீக்கம்.

"என்ன ஐயா, நெத்தியில முட்டை போட்டிருக்கு?"

"காலையில எந்திரிச்சேன். தரையும் கூடவே எந்திரிச்சு வந்து அடிச்சிருச்சு."

"சிரிப்பு வேற. விரலைக் காணோமே இன்னிக்கு?"

"என்ன விரல்?" என்று கேட்டார் அவர். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது ஃபுமியேவுக்குப் புரிந்தது.

சாப்பிட்டு முடித்ததும், "ஃபுமியேம்மா, அந்தத் தேயிலை டப்பாவைக் கொஞ்சம் திறந்து குடு. மூடி இறுகிக் கிடக்கு" என்றார். ஒரு மாதமாகவே இந்த உதவியை அவள் செய்துவருகிறாள். டப்பாவுக்குள் தேயிலை கிடையாது. ஒரு சின்ன நோட்டும் மாத்திரை அட்டைகளும் இருக்கும். அவள் இரண்டு மாத்திரை உதிர்த்துக் கொடுத்தாள். இதை யாரிடமாவது சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். சோறு கொண்டு வருகிறவள் மருந்தைப் பற்றிப் பேசினால் அதிகப்பிரசங்கி என்பார்கள். எல்லாம் டாக்டருக்குத் தெரிந்துதானே இருக்கும்.

அவள் கையில் இருந்த சீட்டில் இரண்டே கட்டங்கள். 'பார்த்தேன்', 'பார்க்கவில்லை'. முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் படியிறங்கினாள்.

டாக்டருக்குத் தெரியாது. அதுதான் சங்கதி.

எங்கள் நாட்டில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மருந்து நோட்டு உண்டு. எந்த மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினாலும் அதன் பெயர் அச்சிட்ட சீட்டை அதில் ஒட்டிக் கொடுப்பார்கள். அடுத்த டாக்டரிடம் போனால் அதைக் காட்ட வேண்டும். ஒரு மருந்து இன்னொன்றோடு மோதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நோட்டே. ஒருவருக்கு ஒரு நோட்டுதான் இருக்க வேண்டும். செகினேவிடம் மூன்று இருந்தன. ஒன்று புத்தர் மாடத்தின் இழுப்பறையில். இன்னொன்று தேயிலை டப்பாவில். மூன்றாவது வாசலில் செருப்பு அடுக்கும் பெட்டியின் மேல்தட்டில், மழைக்காலப் பூட்ஸுக்குள்ளே.

இழுப்பறை நோட்டு டாக்டர் கனமாருவுடையது. படிகளின் அடிவாரத்தில் நாற்பது வருடமாக மருத்துவமனை வைத்திருக்கிறவர். செகினேவின் மனைவி யோஷியே கடைசி மூன்று மாதமும் இந்த வீட்டிலேயே படுத்துக் கிடந்தபோது, ஒருநாள் விடாமல் படியேறி வந்து பார்த்தவர். அந்த நன்றியைச் செகினே மறக்கவில்லை. கனமாரு கொடுத்தது இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை.

இரண்டு வருடத்துக்கு முன் முழங்கால் வலி வந்தது. கனமாருவிடம் சொன்னார். "வயசாச்சுல்ல, முழங்கால் அதைத்தான் சொல்லுது" என்று டாக்டர் சிரித்தார். செகினேவும் சிரித்துவிட்டு வந்துவிட்டார். மறுபடி சொன்னால் வைத்தியத்தில் குறை கண்டுபிடித்த மாதிரி ஆகிவிடுமே. அதனால் ஊரின் மறுகோடியில் இருக்கும் எலும்பு டாக்டரிடம் போனார். அங்கே மருந்து நோட்டைக் கேட்டார்கள். அதைக் காட்டினால், இங்கே ஒட்டுகிற சீட்டை நாளைக்குக் கனமாரு பார்ப்பார். தன்னை விட்டுவிட்டு வேறொருவரிடம் போனதை அறிந்தால் அவர் முகம் வாடும். "நோட்டு இல்லீங்க" என்றார் செகினே. புதிது ஒன்று கொடுத்துவிட்டார்கள். பிறகு மூன்று மாதத்துக்கு முன் சிறுநீர்த் தொந்தரவு வந்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அதே பொய். இப்படி மூன்றாயிற்று. கனமாருவுக்கு வியாழக்கிழமை விடுமுறை. அந்த நாளில்தான் செகினே பின்பக்கச் சந்து வழியாக இறங்கி, பஸ் பிடித்து, மற்ற இருவரையும் பார்த்துவிட்டு வருவார். கள்ளக் காதலனுக்குக்கூட இவ்வளவு ஜாக்கிரதை இருக்காது.

முதியோர் நல நிலையத்தில் வேலை பார்க்கும் இச்சினோசேயிடம் செகினேவின் கோப்பு இருந்தது. யாருக்கு என்ன உதவி தேவை என்று பார்த்து, நர்ஸ், சாப்பாடு, வீட்டு வேலை எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து கொடுப்பது அந்த அம்மாவின் பொறுப்பு. ஐம்பத்தாறு வயது, கையில் முப்பத்தொன்பது கோப்புகள். நல்லவள்தான். ஆனால் முப்பத்தொன்பது பேரைப் பார்க்கிறவளுக்கு யாரையும் உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைப்பதில்லை. டாக்டருக்கு ஃபேக்ஸ் அனுப்புவாள். 'தனிக் கருத்து ஏதுமில்லை' என்று பதில் வரும். கோப்பில் சேர்த்துவிடுவாள்.

எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட நகராட்சி ஆள் வசந்த காலத்தில் வந்தபோது நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். விருந்தாளி வருகிறார் என்று செகினே முகச் சவரம் செய்து, டை கட்டி, வலிக்கிற முழங்காலை மடக்கி நாற்பது நிமிடம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். தேநீர்கூட அவரே ஊற்றினார்.

"குளிக்கிறதுல சிரமம் ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்க. தினமும் குளிக்கிறேன்."

வழுக்கி விழுந்துவிடுவோம் என்று பயந்து மூன்று வாரமாக அவர் தொட்டிப் பக்கமே போகவில்லை. வந்தவர் மகிழ்ந்து போனார். மதியச் சாப்பாடும் வாரத்தில் ஒருநாள் வீடு கூட்ட ஓர் ஆளும் போதும் என்று முடிவாயிற்று.

மே மாதம் பேத்தியின் கல்யாணத்துக்காக ஓசாகாவில் மகள் சதோமி வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்தார். மகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று கனமாருவின் மாத்திரையை மட்டும் எடுத்துப் போனார். கொஞ்ச நாளாக இருந்த தடுமாற்றம் நான்காவது நாளே தெளிந்துவிட்டது. ஐந்தாவது நாள் நடுச்சாலையில் சிக்னலைப் பார்த்து விரலை நீட்டி, "பச்சை, சரி!" என்று கத்தினார். பேத்தி வெட்கப்பட்டாள். சதோமி சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊர் திரும்பிப் பத்து நாளில் மறுபடி தடுமாற்றம். கெட்டிலை அடுப்பில் கருகவிட்டார். அப்புறம்தான் இந்த நெற்றி வீக்கம்.

சதோமி ஒரு முடிவுக்கு வந்தாள். நம்மோடு இருந்தால் நன்றாக இருக்கிறார். தனிமைதான் அப்பாவைத் தின்கிறது. தன் வீட்டில் இடமில்லை. ஓசாகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியாகியிருந்தது. சனிக்கிழமைக்குள் சரி சொல்ல வேண்டும். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத முடிவு. ஆனால் ஒரு மனிதனை அவன் வீட்டிலிருந்து வேரோடு பிடுங்க நல்ல எண்ணமே போதுமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலை செகினே வீட்டில் எல்லாரும் கூடினார்கள். சேர்க்கைக்கு மறதி நோய் என்று டாக்டரின் கடிதம் வேண்டும் என்பதால், விடுமுறை நாளானாலும் கனமாருவே வந்தார். எழுபத்தாறு வயதில் தொண்ணூற்றேழு படி ஏறி, வாசலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மூச்சு வாங்கினார்.

"என்னய்யா செகினே, நெத்தியில?"

"தரை எந்திரிச்சு வந்து அடிச்சிருச்சு டாக்டர்."

"அப்பா இப்படித்தான் எல்லாத்தையும் சிரிச்சே மழுப்புறாரு" என்றாள் சதோமி. "டாக்டர், போன வாரம் போன் பண்ணினேன், நான் யாருன்னே ரெண்டு நிமிஷம் தெரியல இவருக்கு. இன்னொரு தடவ விழுந்து, பாக்க ஆளில்லாம கெடந்தா? எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

கனமாரு தலையாட்டினார். "எம்பத்திரண்டு வயசு. மறதி வர்ற காலம்தான். மக பக்கத்துல இருக்கிறது நல்லதுன்னுதான் எனக்கும் படுது."

இச்சினோசே கோப்பைப் புரட்டினாள். "ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?"

செகினேவின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. இரண்டு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு முறை. கடிகாரத்திலிருந்து பார்வை ஜன்னலுக்குப் போனது. கீழே பஸ் நிலையம். தினமும் காலை ஏழு பத்து வண்டி வட்டமடித்துத் திரும்புவதை அங்கிருந்து பார்த்து, ஓட்டுகிறவன் சரியாகத் திருப்பினானா என்று தீர்ப்புச் சொல்லாமல் அவருக்கு நாள் தொடங்காது. விரலை மெல்லத் தூக்கினார். எதைச் சுட்ட நினைத்தோம் என்பது மறந்துபோய்க் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் சேந்து சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அப்போதுதான் வாசலில் ஃபுமியேவின் குரல் கேட்டது. இத்தனை செருப்புகளைப் பார்த்துத் தயங்கி, வாசலிலேயே மண்டியிட்டுப் பெட்டியை உள்ளே நகர்த்தினாள்.

"ஃபுமியேம்மா, திங்கக்கிழமையிலேருந்து நீ படியேற வேணாம். நான் ஓசாகா போறேன். இல்லத்துல சேக்கிறாங்க."

அவள் வழக்கமான கிண்டல் குரலை வரவழைத்துக்கொண்டாள். "அப்படியா? அங்க உங்க தேயிலை டப்பாவை யார் திறந்து மாத்திரை குடுப்பாங்களாம்? என்னை மாதிரி இளிச்சவாய் கெடைப்பாளா?"

"எந்த டப்பா?" என்றாள் இச்சினோசே.

ஃபுமியே வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியாதா? அதான், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுறாரே, அந்த முழங்கால் மாத்திரை. பூட்ஸுக்குள்ள இருக்கே, அது ராத்திரிக்குன்னு சொன்னாரு."

செகினேவின் முகம் காது மடல் வரை சிவந்தது. கனமாரு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "கொண்டாங்க" என்றார். கேட்டது ஃபுமியேவிடம்.

மூன்று நோட்டுகளும் மேசையில் வரிசையாக வந்து விழுந்தன. டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நிதானமாகப் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார்.

"இது சிறுநீருக்கு. அழுத்தத்தையும் இறக்கும். அழுத்தத்துக்கு நான் வேற குடுக்கிறேன். இது முழங்காலுக்கு, தலை சுத்தும், மந்தமாக்கும். அதுக்கு மேல என்னோட தூக்க மாத்திரை." கண்ணாடியைக் கழற்றினார். "இருபது வயசுக்காரனுக்குக் குடுத்தாலும் தரை எந்திரிச்சு வந்துதான் அடிக்கும்."

"ஓசாகாவுல ஒரே ஒரு கவர் மாத்திரைதான் சாப்பிட்டாரு" என்றாள் சதோமி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விளங்கியது. "அப்போ... தனிமை இல்லையா? எங்க வீட்டுல தெளிஞ்சதுக்குக் காரணம் நான் இல்லையா?" அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம்.

கனமாரு செகினேவைப் பார்த்தார். "ஏன்யா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யோஷியேவுக்காகத் தினம் இந்தப் படியேறி வந்தீங்க. உங்களை விட்டுட்டு இன்னொருத்தர்கிட்டப் போறேன்னு எந்த வாயால சொல்ல?"

"முழங்கால் வலியை என்கிட்டச் சொன்னியே, ஞாபகம் இருக்கு."

"சொன்னேன். வயசுன்னீங்க." செகினே மேசையைப் பார்த்தபடி சொன்னார். "சிரிச்சீங்க. அதுக்கு மேல கேட்டா உங்களுக்கு மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

டாக்டர் இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படும்படி வணங்கினார். நாற்பது வருடத்தில் அவர் யாருக்கும் அப்படித் தலை தாழ்த்தி எங்கள் தெருவில் எவரும் பார்த்ததில்லை. செகினே பதறிப்போய் எழப் பார்த்துத் தடுமாறினார். ஃபுமியே ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

"தப்பு என்னோடது" என்றார் கனமாரு. "வயசுங்கிறது நோயோட பேர் இல்ல. கேட்டுப் பாக்கச் சோம்பப்பட்ட டாக்டர் எழுதுற பேர். இப்பக்கூட அதே பேரை எழுதி, உன்னை வீட்டை விட்டு அனுப்பக் கையெழுத்துப் போட இருந்தேன்."

"டாக்டர், எனக்கும் அதே கதைதான்" என்றாள் இச்சினோசே. குரல் அடங்கியிருந்தது. "எல்லாருக்கும் தனித்தனியா ஃபேக்ஸ் அனுப்பினேன். தனித்தனியா பதில் வந்துச்சு. எல்லாத்தையும் கோப்புல சேத்தேன், ஆளுங்களைச் சேக்கல. தினம் இவரைப் பாக்கிற ஒரே ஆள் ஃபுமியேம்மா. இன்னிக்கு அவங்களைக் கூப்பிடணும்னு எனக்குத் தோணவே இல்ல."

"கூப்பிடாட்டியும் நான் சொல்லியிருக்கணும்" என்றாள் ஃபுமியே. "சோறு குடுக்கிறவளுக்கு எதுக்கு இந்தப் பேச்சுன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

பார்க்கப் போனால் அந்த வீட்டில் கெட்டவர் என்று யாரும் கிடையாது. எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள். அந்த மரியாதையே ஒரு நல்ல மனிதரை மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

கனமாரு அங்கிருந்தே மற்ற இரண்டு டாக்டர்களுக்கும் போன் செய்தார். இரண்டு மணி முறைக்குச் செகினேவை அவரே கூட்டிக்கொண்டு போனார், பின்பக்கச் சந்து வழியாக இல்லை, முன்படி வழியாக. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து என்று மூவரும் பேசி, எதைக் குறைப்பது, எதை மாற்றுவது, தூக்க மாத்திரையை எத்தனை வாரத்தில் படிப்படியாக விடுவது என்று தீர்மானித்தார்கள். எல்லாம் ஒரே மருந்துக் கடைக்கு மாறின. வாரத்தில் ஒருநாள் நர்ஸ் வந்து அவரை நிற்கவைத்தும் உட்காரவைத்தும் அழுத்தம் பார்த்தாள். சதோமி சனிக்கிழமை இல்லத்துக்குப் போன் செய்து, அந்தப் படுக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். ஒருவேளை நாம் தப்பாக முடிவெடுக்கிறோமோ என்ற பயம் அதற்குப் பிறகும் பல நாள் அவளைவிட்டுப் போகவில்லை.

ஆறு வாரம் கழித்து நகராட்சி ஆள் மறுபடி மதிப்பிட வந்தார். இச்சினோசேதான் கேட்டு வரவழைத்திருந்தாள். டாக்டர் கனமாரு படியேறி வந்து ஒரு மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சதோமி வந்திருந்தாள். சரியாகப் பதினொன்றரைக்கு ஃபுமியே வந்து சேர்ந்தபோது, இம்முறை அவளுக்கும் உட்கார ஒரு மெத்தை போட்டு வைத்திருந்தார்கள்.

செகினே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பழைய ஸ்வெட்டர். சவரம் செய்யாத முகம்.

"டை எங்க ஐயா? விருந்தாளி வந்திருக்காரே" என்று சீண்டினாள் ஃபுமியே.

"இன்னிக்கு வந்தது விருந்தாளி இல்லம்மா. வண்டியைச் சோதிக்க வந்தவரு. சோதிக்க வந்தவர்கிட்டப் பழுதை மறைச்சா, அப்புறம் நடுரோட்டுல நிக்க வேண்டியதுதான்."

வந்தவர் தாளைப் பார்த்துக் கேட்டார். "குளிக்கிறதுல சிரமம் ஏதாவது?"

செகினே வாயைத் திறந்தார். 'ஒண்ணுமில்லீங்க' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் அது தெரிந்தது. அவர் அதை விழுங்கினார். குளியலறைக் கதவுப் பக்கம் கையை நேராக நீட்டி விரலால் சுட்டினார்.

"குளியல், தனியா முடியாது. சரி!"

யாரும் சிரிக்கவில்லை. சதோமி மட்டும் கைக்குட்டையை எடுத்தாள்.

விரல் திரும்பி மேசைமேல் இருந்த நோட்டுக்கு வந்தது. "மருந்து நோட்டு, ஒண்ணு. சரி!" பிறகு அவர் கையை இறக்கிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்: "முப்பத்தெட்டு வருஷம் ஓட்டினவன் சொல்றேன், எழுதிக்குங்க. ஒரு பஸ்ஸுக்கு மூணு டிரைவர் இருந்து, ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே ஆளுக்கொரு பக்கம் திருப்பினா, மூணு பேரும் கெட்டிக்காரனா இருந்தாலும் வண்டி பள்ளத்துலதான். வயசானவங்க உடம்பும் அப்படித்தான். வைத்தியம் பாக்கிறவங்க, சோறு குடுக்கிறவங்க, பெத்த பிள்ளைங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசணும். உள்ள உக்காந்திருக்கிற எங்களை மாதிரி ஆளுங்களும் வெக்கப்படாம, வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சத்தமாச் சொல்லணும்."

மூலையிலிருந்து டாக்டர், "கேட்டுக்கிட்டேன்" என்றார்.

ஃபுமியே தன் சீட்டை எடுத்தாள். இப்போது அதில் இரண்டு கட்டங்களுக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். 'கவனித்தது' என்று அச்சடித்திருக்கிறது. இச்சினோசே நிலையத்தில் சண்டை போட்டு வாங்கிய கோடு அது. முதலில் 'பார்த்தேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். பிறகு கோட்டின் மேல், கொஞ்சம் கோணலாக எழுதினாள்: 'விரல் திரும்பி வந்துவிட்டது.'